மேண்டிலுக்குப் பல்லுப் பாத்தியா, கண்ணு?

நீ அந்த அட்டைய வாங்கத்தான் போற. வேண்டாம்னு மறிக்கறதுக்கு நா ஒண்ணும் உன்ற அம்மா இல்ல. நல்லா வாங்கு சாமி. 1952-ல டாப்ஸ் கம்பெனிக்காரன் போட்ட, பேஸ்பால் ஆட்டக்காரன் மிக்கி மேண்டில் அட்டை, 311-ஆம் நம்பரு, வெறும் 400 டாலரு! 2022-ல இதே அட்டையில நல்லாருந்த ஒண்ணு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சாம். ஓரங் கிழிஞ்சு, நடுவுல மடிஞ்சு கெடக்கறது கூட ஆயிரக்கணக்குல போகுது. உனக்கு மட்டும் 400-க்குக் குடுக்கறான்னா, போன ஜென்மத்துல நீ அவனுக்குக் கெணறு வெட்டிக் குடுத்திருக்கோணும்.

நியூஜெர்சிக்கு வந்து நா என்ன பண்ணறேன்னு நெனச்ச? வெளிய பனி. உக்கார ஒரு திண்ணை இல்ல. நீயும் உன்ற அப்பனும் வேலைக்குப் போன பொறவு அந்தக் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டேதான் கெடக்கறேன். நீ பேஸ்பால் ஆடினவன் குலங்கோத்திரமெல்லாம் ஒப்பிப்ப. அந்த அட்டை எத்தன அங்குலம்னு கேட்டா முழிப்ப.

தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதேம்பாங்க. சரி, காசு குடுத்து வாங்கற மாட்டுக்கு? அந்தியூர்ச் சந்தையில வாயத் தொறந்து பாக்காம கயித்தக் கையில வாங்கின ஆள நா பாத்ததில்ல. நீ போட்டோவுல நிக்கற மாட்டுக்கு முழுப் பணமும் குடுக்கறேங்கற.

பல்லுன்னா என்னன்னு கேளு. 1952 டாப்ஸ் அட்டை 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உசரம். இப்ப நீ கையில வெச்சிருக்கற 2½-க்கு 3½ அளவெல்லாம் 1957-லதான் வந்துது. 1983-ல அந்தக் கம்பெனிக்காரனே பழைய வரிசைய மறுபடி அச்சடிச்சு வித்தான், இந்தச் சின்ன அளவுல, பின்பக்கம் மறுபதிப்புன்னு எழுதியே. யோக்கியமாத்தான் வித்தான். அது கைமாறிக் கைமாறி வந்த எடத்துல சிலபேரு முன்பக்கத்த மட்டும் போட்டோ புடிச்சுப் போடறானுக. பின்பக்கத்துக்கு என்னமோ வெக்கமாட்ட இருக்குது. பெரிய அட்டைய ஓரம் வெட்டிச் சின்னதாக்கலாம் கண்ணு. சின்னத இழுத்துப் பெருசாக்கற வித்தை இன்னும் எவனுக்கும் வரல. உன்ற வீட்டுல ஸ்கேலு இருக்குதா?

பத்து மடங்கு காட்டற கண்ணாடி ஒண்ணும் வாங்கி வெச்சுக்க. பழைய அட்டையில படம் புள்ளி புள்ளியாத்தான் இருக்கும். பேரெழுத்தும் ஓரக்கோடும் மட்டும் அழுத்தமா, முழு மையா ஓடும். அசல ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்தும் சேந்து புள்ளியாச் செதறிக் கெடக்கும். மெஷினுக்கு எழுத்து எது, மூக்கு எதுன்னு தெரியறதில்ல. அதுக்கும் முந்தின காலத்து அட்டை, அந்த 1933 கௌடி கம்பெனி பேப் ரூத்தாட்டம் ஒண்ணுன்னா, இருட்டுல ஊதா வெளக்கடிச்சுப் பாரு. 1940-களுக்கு முன்னாடி காகிதத்துல பளிச்சுன்னு காட்டற மருந்து போடற பழக்கமில்ல. பளீர்னு ஒளிவிட்டா ரூத்து நேத்துப் பொறந்தவருன்னு அர்த்தம். ஒளிவிடலீன்னு குதிச்சுராத, பழைய புஸ்தகத்து வெத்துத்தாள உருவி அடிக்கற கெட்டிக்காரனும் இருக்கறான். நாலு மூலையும் ஒரே கணக்காத் தேஞ்சு, டீத்தண்ணி நெறத்துல இருந்தாலும் சித்த யோசி. பொடுசுக கால்சட்டப் பாக்கெட்டுல திணிச்சு வெளையாடினது அத்தன ஒழுங்காவா தேயும்?

"தாத்தா வீட்டுப் பரண்ல கெடந்துது, எனக்கு இதப்பத்தி ஒண்ணுந் தெரியாது, அசலா நகலான்னு நீங்களே பாத்துக்குங்க." இதத்தான எழுதியிருக்கறான்? ஒண்ணுந் தெரியாத அந்தப் பச்சப்புள்ள, மேண்டில், வாக்னர், ரூத் மூணு பேரையும் ஒரு எழுத்துப் பிசகாமத் தலைப்புல போட்டிருக்கறான் பாத்தியா? அந்தத் தாத்தன் பரண்ல பேரு வெளங்காத ஆட்டக்காரன் ஒருத்தன் கூட இல்லியா? நெசமான பரண்ல சப்பை ஆளுகதான் நெறைய இருப்பாங்க. அதுக்கு நீ கடலுக்கே போலாம். வித்துப்போகாத 1952 அட்டைகள 1960-ல படகுல ஏத்திக் கொண்டுபோய் அட்லாண்டிக்குல கொட்டினோம்னு டாப்ஸ்ல இருந்த சை பெர்கரே சொல்லியிருக்கறாரு. நியூஜெர்சிக் கரைக்கு அக்கட்டதானாம். வலைய வீசிப் பாரு, அவன் பரணுக்கு அது எவ்வளவோ மேலு.

கண்ணாடிப் பொட்டியில போட்டு நம்பரு ஒட்டின அட்டைன்னா பயமில்லேங்கற. அப்படித் தரம் பாத்துப் பொட்டியில அடைக்கற பி.எஸ்.ஏ. கம்பெனி 1991-ல தரம் போட்ட மொத அட்டை எது தெரியுமா? சிகரெட்டுப் பாக்கெட்டோட வந்த ஹோனஸ் வாக்னர். ஹாக்கி ஆடற வேய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருத்தரும் 4,51,000 டாலருக்கு எடுத்தது. அதுக்கு 8 மார்க்கு போட்டாங்க. 2013-ல பில் மாஸ்ட்ரோங்கற ஏலக்காரரு கோர்ட்டுல நின்னு, ஓரத்த நாந்தான் வெட்டினேன்னு ஒத்துக்கிட்டாரு. அட்டை அசலுதான், அதுக்கே இந்தக் கதி. இப்பப் பொட்டியவே போலியாச் செய்யறானுக, ஒரு நல்ல அட்டையோட நம்பரத் திருடி ஒட்டறானுக. நம்பர அந்தக் கம்பெனியோட வெப்சைட்டுல போட்டா அட்டையோட பேரு வரும், பலதுக்குப் படமும் வரும். பேரப் பாத்ததும் தலையாட்டாத. படத்துல வெள்ள ஓரம் எந்தப் பக்கம் ஒடுக்கம், மைப்பொட்டு எங்க விழுந்திருக்குதுன்னு ஒத்துப் பாரு.

இந்த ஊரு சட்டமும் ஒரு வேடிக்கைதான். பழைய காசுக்கு நகல் அடிச்சா நகல்னும், அரசியல் பேட்ஜுக்கு அடிச்சா அடிச்ச வருஷத்தையும் அதுலயே பொறிக்கோணும்னு 1973-ல சட்டம் போட்டானுக. அட்டைய அதுல சேக்கல. சேத்திருந்தா மட்டும் உன்ற 400 டாலர்க்காரன் பொறிச்சிருப்பானாக்கும்.

பணத்த 'நண்பர், உறவினர்' கணக்குல அனுப்பச் சொல்றானாமே? அவன் உனக்கு மாமனா மச்சானா? அந்த வழியில போன காசுக்கு பேபால்காரன் பொறுப்பேத்துக்க மாட்டான். சொந்தம் கொண்டாடறவன் கண்ணாலத்துக்கு மொய் வெச்சாப்பலதான்.

ஆசைய அடக்கச் சொல்லல. அதே 1952 வரிசையில பேரில்லாத ஆளு, அடிபட்டுக் கசங்கினது, சில பத்து டாலருக்குள்ள கெடைக்கும். அவன எவன் கள்ள அட்டை அடிப்பான்? அச்சுக்கூலிக்குக் கூடக் கட்டாது. மேண்டில் அடிச்ச அதே காகிதம், அதே மை. தடவிப் பாரு, மோந்து பாரு, கண்ணாடி வெச்சுப் பாரு. கை பழகட்டும்.

இப்ப அந்த 400 டாலர்க்காரனுக்கு ஒரு சேதி தட்டு: பக்கத்துல ஸ்கேலு, இன்னைக்குத் தேதி எழுதின துண்டுச்சீட்டு, முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு போட்டோ. தட்டிட்டு அப்புச்சிக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டா. அவசரமில்ல, பாலு நல்லாப் பொங்கட்டும். அவன்கிட்டருந்து பதில் வர நாளாகும்.