மீனில்லாத மீன்தொட்டி: மல்லாங்கிணறு வீடுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

மீன்தொட்டி பற்றி எழுதுவோர் எல்லோரும் மீனிலிருந்து தொடங்குகிறார்கள். இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் அதற்கு முந்தைய கட்டம். தொட்டி வந்துவிட்டது, கல் பரப்பியாயிற்று, தண்ணீர் நிரப்பியாயிற்று, விளக்கு எரிகிறது, மோட்டார் குமிழி விடுகிறது, மீன் மட்டும் இல்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை நீளக்கூடிய இந்தக் கட்டத்தில் மீனுக்கு எதுவும் நேர்வதில்லை, வீட்டாருக்குத்தான் நேர்கிறது. முதல் தொட்டிகள் தோற்பதற்குக் காரணம் மீனின் நோயன்று, உறவினரின் அவசரமே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வெல்லை மல்லாங்கிணறு: விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டத்துப் பேரூராட்சி. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் சொந்த ஊர் என்ற வகையில் இலக்கிய உலகுக்குத் தெரிந்த இவ்வூர், அலங்கார மீன் உலகில் இன்னும் பேசப்படவில்லை. மீனே தெரியாத ஊர் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊத்தாவும் வலையுமாகச் சுற்றுவட்டாரமே இறங்கி மீன் பிடிக்கும் சீமை இது. கிணற்றில் நாலு கெண்டையை விட்டுவைப்பதும் இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். அந்தக் கெண்டைகளுக்கு யாரும் இரை போட்டதில்லை, பெயர் வைத்ததில்லை, விளக்குப் போட்டதுமில்லை. அவை பாட்டுக்குக் கொழுத்தன. ஆகவே, மீனைப் பார்த்ததும் ‘எத்தனை கிலோ தேறும்’ என்று கண்ணாலேயே நிறுத்துப் பார்க்கும் ஒரு சமூகத்தின் நடுவில் இரண்டு அடி நீளக் கண்ணாடிப் பெட்டியை, அதுவும் மீனில்லாமல், வைப்பது எளிய செயலன்று.

வரலாற்றுப் பின்புலத்தைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு பொன்மீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா பாசி, சில நத்தை ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்துக்குள் விட்டு, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாவதை 1850-இல் எழுதினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்கூடம் திறந்தது. சென்னை மெரினாவில் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் 1909-இல் ஒன்று அமைந்தது. அங்கிருந்து மல்லாங்கிணற்று முன்னறைக்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இனி வேதியியல். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். நைட்ரோஸ்பைரா வகையினர் வந்து நைட்ரேட் ஆக்கிய பிறகே மீன் நிம்மதியாக மூச்சுவிட முடியும். இந்த இரு தரப்பாரும் கடையில் வாங்கிய புதுத் தொட்டிக்குள் இருக்கமாட்டார்கள். தாமாக வந்து, ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக வேண்டும். அதுவரை அவர்களுக்குப் பசியாற ஏதாவது வேண்டுமே என்று, மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு அழுகவிடுவது ஒரு முறை.

இம்முறையைக் கையாண்ட வீட்டில் அத்தை ஒருவரிடமிருந்து திரட்டிய வாய்மொழித் தரவு வருமாறு:

“ஏண்டா, மீனு எங்க?”

“வரும்த்தை. மொதல்ல பாக்டீரியா வரணும்.”

“அது என்னா வெல? மீனோட சேத்தே வாங்கிட்டு வந்துருக்கலாம்ல?”

“அது கடையில கிடைக்காது. தானா வரணும்.”

“அப்ப இல்லாத மீனுக்கு எதுக்குடா இரை போடுற?”

இக்கேள்விக்கு அறிவியலில் விடை உண்டு. அத்தையிடம் சொல்லக்கூடிய வடிவில் இல்லை. நீண்ட முயற்சிக்குப் பின் ஆய்வாளர் கண்டடைந்த ஒரே வழி உறைமோர். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றை வாங்கிவந்து புதுத் தொட்டியில் போட்டால், பாலில் உறை ஊற்றியதுபோல் பாக்டீரியா விரைவில் பெருகும். இதைக் கேட்டதும் அத்தை முகம் தெளிந்தது. “அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றவர், விளக்கு வைத்த பிறகு உறைமோர் யாரும் தரமாட்டார்களே, ஸ்பாஞ்சு தருவார்களா என்று கேட்டார். இவ்வினா தனி ஆய்வுக்குரியது.

அடுத்தது தண்ணீர். இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். இந்த அளவை நூல்களுக்குப் போதும், வீட்டில் செல்லாது. வீட்டு அளவையில் அது நான்கு குடம். வாரம் கால் பங்கு மாற்ற வேண்டும் என்றால் வாரம் ஒரு குடம். கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கும் இல்லத்தரசியிடம், வராத மீனுக்காக நான்கு குடம் கேட்பதற்குரிய சொற்கள் தமிழில் நிறைய இருந்தாலும் துணிவு குறைவு. கேட்டுப் பெற்றாலும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் வந்த பிறகு மாற்றும் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டோ, குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை விட்டோதான் ஊற்ற வேண்டும். அப்படித் திறந்து வைத்த வாளித் தண்ணீர் மறுநாள் காலையில் வாளியிலேயே இருக்கும் என்பதற்கு எந்த வீட்டிலும் உத்தரவாதம் இல்லை.

போர்வெல் தண்ணீர் தாராளம்தான். அதில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். இங்கே மண்டலத்தின் தட்பவெப்பம் வேலையைக் காட்டுகிறது. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் இதே மாவட்டத்துச் சிவகாசியின் வறண்ட காற்று கைகொடுத்தது. தீக்குச்சியைக் காயவைத்த அதே காற்று தொட்டித் தண்ணீரையும் காயவைக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்ததை நிரப்பிக்கொண்டே வந்தால், தொட்டி சிறுகச் சிறுக உப்பளமாகும். எனவே நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு. போர்வெல் நீரின் காரத்தன்மையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிஹெச் அளவு 7-லிருந்து 8 ஆனால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். மோலியும் கப்பியும் கடின நீரை விரும்பும் மீன்கள் என்பதால் இப்பகுதிக்குப் பொருத்தம். கடைக்காரர் கையில் வைத்துக் காட்டுவது என்னவோ கோல்டு ஃபிஷ்தான்.

முதல் தொட்டிக்கான சாமான் பட்டியலில் ஹீட்டரும் இடம்பெறுகிறது. சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மாவட்டத்தில் தண்ணீரைச் சூடுபண்ண மின்கருவி விற்பது வணிகத்தின் வெற்றி. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளியைத் தாங்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுதான். அந்த நேரத்தில் மின்சாரமும் போனால் குமிழி நின்றுவிடும். இன்வெர்ட்டரில் எதை இணைப்பது, தாத்தாவின் மின்விசிறியையா மீனின் மோட்டாரையா என்ற கேள்வியில் ஆய்வாளர் தாத்தாவின் பக்கம். அதைவிட பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் ஒன்று வாங்கிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

இத்தனையும் தாண்டிய தொட்டி வெள்ளிக்கிழமையில் வீழ்கிறது. வீடு கழுவும் நாள். ஸ்பாஞ்சு பழுப்பேறி வழவழவென்று இருப்பதை யாரோ பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பழுப்புதான் பல வாரக் காத்திருப்பின் முழு விளைச்சல். குழாயடியில் வைத்துப் பிழிந்து, கல்லையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று திருப்பி வைக்கிறார்கள். சுத்தம் சோறு போடும் என்பது மனிதருக்குப் பொருந்தும், நைட்ரோஸ்பைராவுக்குப் பொருந்தாது. தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசுவதே முறை என்று எழுதி ஒட்டலாம். கழுவுகிறவர்கள் அதையும் துடைத்துவிடுவார்கள்.

தீபாவளி பற்றி ஒரு குறிப்பு. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் நுண்ணெலும்புகள் உண்டு. கோல்டு ஃபிஷ் அக்குடும்பமே. ஆகவே அதற்கு நல்ல காது. பட்டாசுச் சீமையில் அது வரமா சாபமா என்பதை அந்த மீனிடம்தான் கேட்க வேண்டும்.

இறுதியாக ஒரு களநிகழ்வு. டெங்குக் காலத்தில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, ஃப்ரிட்ஜின் பின்தட்டு முதல் ஆட்டுரல் வரை தண்ணீர் நிற்கும் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். மீனில்லாத தொட்டியைக் கண்ட பணியாளர் கேட்டார்: “இது என்னது சார்?”

“மீன்தொட்டி.”

“மீன் எங்க?”

ஆய்வாளர் வாய் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார்: “பாக்டீரியாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்மா.”

சுகாதாரப் பணியாளரிடம் சொல்லக்கூடிய வாசகம் அன்று அது. பேனா பதிவேட்டின் மேல் நின்றது. நெடிய விளக்கத்திற்குப் பின் அவர் சமரசமாக ஒன்று சொன்னார்: கிணற்றில் விடுவதற்கு கம்பூசியா மீன் இருக்கிறது, நாலு தரட்டுமா? 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் சூடு தாங்கும், உப்பு தாங்கும், உயிர்வளிக் குறைவையும் தாங்கும். கொசுப்புழுவே உணவு. முட்டையிடாமல் குட்டி போடும். இலவசம். முதல் மீனுக்கு மல்லாங்கிணறு விதிக்கும் தகுதிகள் அனைத்தும் அதற்கு உண்டு, நிறம் ஒன்றைத் தவிர. வால் அழகுள்ள வேறு மீனைக் கூட விட்டால் கடித்துக் கிழித்துவிடும் என்பதால், பிற்பாடு செலவும் வைக்காது.

நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் நான்கு மீன்கள் விளக்கொளியில் நீந்தின. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

“இந்த நெத்திலிக்கா இம்புட்டு நாளு கரண்டு எரிஞ்சுச்சு?”