நங்கூரத்தார்

டாம்பா விரிகுடா ஓரத்தில் வீதிக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீதியில் மூன்றாவது வீடு. எந்நேரமும் அரை டிராயர், வெயிலில் வெந்த முழங்கால். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; நான் மனசுக்குள் வைத்திருக்கிற பெயர் நங்கூரத்தார். அவர் என்னை ‘படி’ என்று கூப்பிடுவார். வந்த புதிதில், எதைப் படிக்கச் சொல்கிறார் என்று திருதிருவென்று விழித்திருக்கிறேன். அமெரிக்க வாயில் ‘நண்பா’ அப்படித்தான் வரும் என்று பிறகுதான் விளங்கியது.

ஜூன் பிறந்தால் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் படம் ஏறிவிடும். ஒரு காலத்தில் மளிகைக் கடைகளில் சும்மா கொடுத்த புயல் வரைபடம். அட்சரேகை, தீர்க்கரேகை கட்டம் போட்ட காகிதம், கியூபாவின் தலையில் காப்பிக் கறை. புயலுக்குப் பதிலாக, பீட்சாக் கடை இனாமாகக் கொடுத்த காந்த வில்லை. மியாமியில் இருக்கிற தேசிய சூறாவளி மையம் 5 மணி, 11 மணி என்று நாளுக்கு நான்கு தடவை அறிக்கை விடும். கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் நடுவில் 8 மணி, 2 மணி என்று இன்னும் நான்கு. கோயிலில் ஆறு கால பூஜை என்றால் இவருக்கு எட்டுக் காலம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டைவிரலால் வில்லையைக் கடுகளவு தள்ளுவார். புயல் நகரும், வில்லை நகரும். அவர் மட்டும் நகரமாட்டார்.

புயல் போகும் வழி இதுதான் என்று கணினிகள் ஆளுக்கொரு கோடு போடுகின்றன அல்லவா, அதற்கு இந்த ஊரில் ‘ஸ்பெகட்டி’ என்று பெயர். எனக்கு அது இடியாப்பம். ஐரோப்பியக் கணினியின் இழை லூசியானா பக்கம் போனால் அன்றைக்கு அவர் ஐரோப்பியக் கட்சி. மறுநாள் அமெரிக்கக் கணினி விலகிப் போனால் தேசபக்தர். நாலு ஜோசியரைப் பார்த்துவிட்டு, பிடித்த பலன் சொன்னவருக்கு மட்டும் தட்சணை வைக்கிற பெரியப்பா ஒருவர் எனக்கும் உண்டு.

‘ஏன் கிளம்பமாட்டேன் என்கிறீர்கள்?’ என்று வாயைக் கொடுத்தால் ஸ்தல புராணம் ஆரம்பமாகும். 2004இல் சார்லி புயல் வருகிறதென்று இங்கிருந்து ஆர்லாண்டோவுக்கு ஓடினவர்கள் உண்டு. சார்லி கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி, நமக்குத் தெற்கே கரையேறி, நேரே ஆர்லாண்டோவுக்கே போனது. “தேடிக்கொண்டு போயிற்று, படி!” 2005இல் ரீட்டாவுக்குப் பயந்து ஹூஸ்டனே கிளம்ப, நெடுஞ்சாலையில் கார்கள் மணிக்கணக்காக நின்று, வெயிலில் ஜனங்கள் செத்தார்கள். 2022இல் இயன் நம்மைக் குறிவைத்து வந்து ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் போய்விட்டது. 1921க்குப் பிறகு பெரும்புயல் எதுவும் இந்த விரிகுடாவில் நேராக மோதியதில்லை. பழங்குடிகள் எழுப்பிய மண்மேடுகள் காக்கின்றன என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மேட்டுக் கதையை விட்டால் மற்றதெல்லாம் நிஜம். இந்த மனிதரோடு வாதாடி ஜெயிக்க முடியாததற்குக் காரணமே, அவர் பொய் சொல்வதில்லை என்பதுதான்.

ஒரு தடவை மட்டும் மடக்கப் பார்த்தேன். ஒன்று முதல் ஐந்து வரை போடுகிற நிலை, காற்றின் வேகத்துக்குத்தானே? கடல் எவ்வளவு உள்ளே வரும் என்று அது சொல்லாதே? அதுவும் தெரிந்திருந்தது. “காற்றுக்கு ஒளி, தண்ணீருக்கு ஓடு” என்று உள்ளூர்ப் பாடத்தை எனக்கே ஒப்பித்தார். சரி, உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலம்? புயலின் கண் எந்த ரேகையில் இருக்கிறதென்று தசம ஸ்தானத்தோடு சொல்கிறவர், கொஞ்சம் யோசித்தார். ‘ஏ’ மண்டலம். முதலில் காலி செய்ய வேண்டியது. “ஏ என்றால் நல்ல மார்க்தானே?” என்றார்.

2024 செப்டம்பரில் ஹெலீன் எங்களைத் தாண்டிக் கடலோடு கடலாக வடக்கே போனது. நூறு மைலுக்கு மேல் தள்ளி. “கூம்புக்கு வெளியே இருக்கிறோம்” என்றார். கூம்பு என்பது கண் போகக்கூடிய பாதை மட்டும்தான். தண்ணீருக்குக் கூம்பு கிடையாது. ராத்திரி கடல் வந்தது. ஆர்ப்பாட்டமே இல்லாமல், பால் குடிக்க வந்த பூனை மாதிரி, கதவிடுக்கு வழியாக. அவர் மனைவி நாயைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைமேல் ஏறிவிட்டார். இவர் முழங்கால் அளவு உப்புத்தண்ணீரில் நின்று, 11 மணி அறிக்கைக்கு வில்லையைத் தள்ளினாராம். அந்த அம்மாள் சொல்லும்போது சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் முடியவில்லை, மில்டன். வளைகுடாவில் ஒரே நாளில் ஐந்தாம் நிலைக்கு ஏறியது. நனைந்த மெத்தையும் சோபாவும் வீதியின் இரு பக்கமும் இன்னும் குவிந்து கிடந்தன. இருந்தால் சாவீர்கள் என்று டாம்பா மேயர் தொலைக்காட்சியில் பட்டென்று சொல்லிவிட்டார்.

நாங்கள் கிளம்பி மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது, அவர்கள் கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் அந்த அம்மாள், பின்சீட்டில் நாய். இவர் குப்பைக் குவியலில், தூக்கிப்போட்ட ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றிருந்தார். அதன் கம்ப்ரசர் அடியில், உப்புத்தண்ணீரில் போய்விட்டது. படம் மேல்கதவில், ஒன்றும் ஆகவில்லை.

நான் கண்ணாடியை இறக்கினேன்.

“ஒரு நிமிஷம், படி. அஞ்சு மணி அறிக்கை வந்துவிடட்டும்.”

அந்த அம்மாள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மணி நாலு ஐம்பத்தெட்டு. நானும் எஞ்சினை அணைத்தேன்.