கல்லான கறியும் விசில் அடிக்காத குக்கரும்: ஒரு வாரநாள் ஆராய்ச்சி

இவ்வாய்வின் களம் கனடாவின் டொரண்டோவும் அதையொட்டிய மார்க்கம், பிராம்ப்டன் நகரங்களின் அடுக்களைகளும். காலம் திங்கள் முதல் வியாழன் வரை, மாலை ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்டது. வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளப்படவில்லை, அன்று பீட்சா. சனி, ஞாயிறுகளில் மக்கள் நிதானமாகச் சமைப்பதால் அந்நாள்களின் தரவு நம்பத்தக்கதன்று எனத் தள்ளப்பட்டது. ஆய்வுப் பொருள் ஒரு கிலோ ஆட்டுக்கறி. அது கடையில் கொடுத்த பையோடு ஃப்ரீசர் மூலையில் உருண்டு திரண்டு, மைனஸ் 18 டிகிரியில் கிடக்கிறது. கருவி, எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்.

சிக்கல் யாதெனின், முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்திருக்க வேண்டிய கறியை யாரும் இறக்கி வைக்கவில்லை. யார் இறக்கி வைத்திருக்க வேண்டும் என்னும் வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதில் இறங்கிய கணவன்மார் சிலர் இரவு ரொட்டியும் ஜாமும் உண்டதோடு ஆய்வைக் கைவிட்டனர்.

வெளியே வைத்து உருக்கலாமே என்பார் டொரண்டோவை அறியாதவர். ஜனவரி இரவுகள் சிலவற்றில் இவ்வூரின் வெளிக்குளிர் மைனஸ் 20-ஐத் தொடும். பால்கனியில் வைத்தால் கறி முன்னிலும் இறுகும். உள்ளே சமையல் மேடையில் வைப்போம் என்றால், 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி பெருகும், வைக்காதே என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் தடுக்கிறார்கள். மைக்ரோவேவ் ஓரத்தை வேகவைத்து நடுவை விட்டுவிடும் இயல்பினது. குளிர்ந்த நீரில் பையோடு அமிழ்த்தி, அரைமணிக்கொரு முறை நீர் மாற்றுவது முறையான வழிதான். ஆனால் அத்தனை பொறுப்புள்ளவர் கறியை முந்தின இரவே இறக்கி வைத்திருப்பார். எனவே எஞ்சுவது குக்கர்.

இனி முன்னோர் ஆய்வு. இத்துறையின் ஆதி ஆசிரியர் டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டனில், மூடி இறுக்கிய பானைக்குள் ஆவியை அடைத்து எலும்பையே மெத்தென்று ஆக்கிக் காட்டினார். பானை வெடிக்காதிருக்க அதற்கொரு பாதுகாப்பு வால்வும் கண்டுபிடித்தார். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அந்தப் பானையில் சமைத்து விருந்தே வைத்தார். அதில் உண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்திருக்கிறார். அறிஞர் சபையொன்று ஆய்வு முடிவைத் தின்று பார்த்து ஏற்றுக்கொள்ளும் இந்த நல்ல வழக்கம் ஏனைய துறைகளுக்குப் பரவாமற்போனது வருந்தத்தக்கது.

பாப்பின் தம் பானையின் சூட்டை அளந்த விதம் நம் கவனத்துக்குரியது. மூடியின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, அது வற்றும் நேரத்தை ஊசல் கட்டி எண்ணினார். தமிழ்நாட்டு அடுக்களை பின்னாளில் கைக்கொண்ட விசில் என்னும் அளவைக்கு இதுவே மூதாதை என்பது எம் துணிபு. விசில் காலத்தின் அளவன்று, நிகழ்ச்சியின் எண்ணிக்கை. தீயின் வேகத்துக்கும் குக்கரின் கொள்ளளவுக்கும் ஏற்ப ஒரு விசில் விரைந்து வரும், ஒன்று தாமதிக்கும். ஆயினும் 'கறிக்கு ஆறு விசில்' என்று சொன்னால் தூத்துக்குடி முதல் திருத்தணி வரை கறி வெந்துவிடுகிறது. இயற்பியல் இதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

இவ்வளவையைக் குலைத்தது எலக்ட்ரிக் குக்கர். 2010-இல் ஒட்டாவாவைச் சேர்ந்த ராபர்ட் வாங்கும் கூட்டாளிகளும் இன்ஸ்டன்ட் பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் வட அமெரிக்கா முழுவதும் இவ்வகைப் பானை பரவியது. இது உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தானே கண்காணித்துக் கரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால் ஆவியை விட்டு ஊத வேண்டிய அவசியம் அதற்கில்லை. செய்தி தொலைபேசி வழியே மதுரைக்கு எட்டியபோது நிகழ்ந்த வாதம் ஆவண மதிப்புக் கருதி இங்கே தரப்படுகிறது.

"ஃப்ரீசர்ல இருந்த கறிம்மா. எத்தன நிமிஷம் வைக்கணும்?"

"நிமிஷமா? ஆறு விசில் விடு."

"இது விசில் அடிக்காதும்மா."

"அடிக்கலையா? கேஸ்கெட் போயிருக்கும், மாத்து."

"இல்லம்மா, இது கரண்ட்ல ஓடுறது. அடிக்கவே அடிக்காது."

"அப்ப கறி வெந்துச்சான்னு அதுக்கு எப்புடிடீ தெரியும்?"

அந்த இறுதி வினாவே இவ்வாய்வின் மையம். விடை: அதற்குத் தெரியாது.

பானையின் அடியில் இருக்கும் உணரிகள் அறிவன இரண்டே, அடித்தகட்டின் சூடும் ஆவியின் அழுத்தமும். கறியைப் பற்றி அதற்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆறு குவார்ட் பானைக்குக் குறைந்தது ஒன்றரைக் கப் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவி நிறைந்ததும் மூடியிலுள்ள சிறு உலோக முளை எழும்பும். கடிகாரம் எண்ணத் தொடங்கும். சுற்றிலும் 115 டிகிரிக்கு மேல் ஆவி சுழன்றுகொண்டிருக்க, கறியுருண்டையின் நடுப்பகுதி இன்னும் பனிக்கட்டியாகவே இருக்கக்கூடும். திரையில் தெரியும் முப்பது நிமிடம் ஆவியின் முப்பது நிமிடமேயன்றிக் கறியின் முப்பது நிமிடமன்று.

'உறைந்த கறிக்கும் உறையாத கறிக்கும் ஒரே நேரம் வைத்தால் போதும், பானை கொதிவர மட்டுமே கூடுதல் நேரம் பிடிக்கும்' என்பாரும் உளர். சிறு துண்டுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். திரண்ட உருண்டைக்குப் பொருந்தாது. அஃது எவ்வாறெனின், கணக்கிட்டுப் பார்ப்போம். கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். ஒரு கிலோவை மைனஸ் 18-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஏற்ற 35 கிலோஜூல் அளவு வெப்பம் வேண்டும். அதிலுள்ள பனியை நீராக்க மட்டும் 250 கிலோஜூல். ஆயிரம் வாட் பானை ஒரு நொடிக்கு ஒரு கிலோஜூல் தரும். ஆகக் கூடுதல் நேரம் 285 நொடி, ஐந்து நிமிடம்கூட இல்லை! கணக்கு இவ்வளவு இனிதாக இருக்க, மார்க்கம் வீடுகளில் ஏழரை மணிக்கும் பிள்ளைகள் ஏன் தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

இதன் முதற்பாதியை விளக்கியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஜோசப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில், பெரிய கூடம் ஒன்றில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளைத் தொங்கவிட்டார். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் பனிக்கு நிகராகக் குளிர்ந்த நீர். நீர் அரைமணியில் எட்டிய சூட்டைப் பனிக்குடுவை எட்டப் பத்தரை மணி நேரம் பிடித்தது. உருகும் பனி வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், சூடேறியதாக ஒத்துக்கொள்ளாது. பிளாக் இதற்கு மறைவெப்பம் என்று பெயரிட்டார். கறி வைத்துக் காத்திருக்கும் இல்லத்தரசர்கள் இட்டு வழங்கும் பெயர் அச்சேறத் தக்கதன்று.

மறுபாதி இன்னும் கொடிது. பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்துவதில் நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வல்லது. கறி உறையும்போது வெளிப்புறம் முதலில் பனியாகி, உள்வெப்பம் வெளியேற வழி விடுகிறது. உருகும்போதோ வெளிப்புறம் முதலில் நீர்கோத்த சதையாகி, உள்ளே போகும் வெப்பத்துக்குக் குறுக்கே நிற்கிறது. அதனால்தான் சூட்டில் பெரிய வேறுபாடு காட்டாதவரை, உறைந்த வேகத்தில் கறி உருகுவதில்லை.

குளிரோ வெப்பமோ, நடுவரை போய்ச் சேராததே இத்துறையின் நிரந்தரத் துயரம். 1882-இல் டுனீடின் என்னும் பாய்மரக் கப்பல் ஏறத்தாழ ஐயாயிரம் உறைந்த ஆட்டுடல்களோடு நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வெப்பமண்டலத்தில் காற்று அடைபட்டுக் கிடந்தபோது, சரக்கறைக்குள் குளிர் சீராகப் பரவவில்லை. கேப்டன் விட்சன் தாமே உள்ளே தவழ்ந்து போய்க் காற்றுக் குழாயில் துளைகள் அறுத்தார். அறுத்து முடிப்பதற்குள் அவரே விறைத்துவிட, ஆட்கள் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். கப்பல் மே மாதம் லண்டன் சேர்ந்தது, கறி ஏறத்தாழ முழுவதும் கெடாமலிருந்தது. இன்று டொரண்டோ கடைகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வரும் ஆட்டுக்கறிப் பைகளெல்லாம் அந்தப் பயணத்தின் வழித்தோன்றல்கள். பையை வாங்கி ஃப்ரீசரில் எறியும்போது கேப்டனை ஒரு கணம் நினைப்பது மரபாகலாம்.

ருடால்ஃப் பிளாங்க் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1913-இல் உறைவதற்கு ஆகும் நேரத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதில் பொருளின் தடிமன் வர்க்கமாக வருகிறது. வெப்பம் உள்ளே நுழைவதற்கும் ஏறக்குறைய இதே நீதி. தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கை நெருங்கும். பத்து சென்டிமீட்டர் உருண்டைக்கும் இரண்டு சென்டிமீட்டர் தட்டைக்கும் உள்ள வேறுபாடு ஐந்து மடங்கன்று, இருபத்தைந்து மடங்கு வரை போகும். ஆகவே எம் முதல் விதி: கறி வாங்கிய நாளிலேயே ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, உள்ளங்கையால் தட்டித் தட்டையாக்கிப் படுக்கவைத்து உறையவிடுக. உறைந்தபின் ஃப்ரீசரில் நிறுத்தி அடுக்கலாம், கையால் உடைக்கலாம். உருண்டையோ உடையாது, சதுரப் பாளமாயின் வட்டப் பானைக்குள் இறங்காது. பாளத்தைத் தரையில் ஓங்கி அடித்து உடைப்போர் கீழ்வீட்டாரின் மனநிலையையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனித் தாளிப்பு. இதில் இரண்டு மரபுகள் உள்ளன. முன்தாளிப்பார் வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாவை அதே பானையில் வதக்கிவிட்டு மேலே பனிக்கறியை இறக்குவர். வதங்கிய மணம் சாற்றில் இறங்குவது இவர்கள் கட்சிக்கு வலு. ஆனால் மல்லித்தூளும் தக்காளியும் அடியில் ஒட்டினால் திரையில் 'பர்ன்' என்று எழுத்து தோன்றும். பானை வேலைநிறுத்தம் செய்யும். திறந்து பார்த்தால் மேலே பனி, கீழே கரி. பின்தாளிப்பார் மஞ்சள், உப்பு, தண்ணீர் மட்டும் சேர்த்துக் கறியை வேகவைத்து, பிறகு வாணலியில் சுக்காவாகப் புரட்டுவர். பனிக்கறியை நேரே வறுக்க முடியாது என்பதே இவர்கள் சித்தாந்தத்தின் அடிப்படை. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த அந்தப் பழுப்பேறும் வினையோ 140 டிகிரியை ஒட்டித்தான் சுறுசுறுப்பாகும். வாரநாளுக்குப் பின்தாளிப்பே தக்கது என்பது எம் முடிபு. குழம்பு வேண்டுவோர் அடியைக் கரண்டியால் நன்றாகச் சுரண்டித் தண்ணீர் விட்டபின் மூடுக. கறி உருகித் தானும் நீர் விடும் ஆதலால் அளவுக்குமேல் ஊற்றாதிருக்க. ஊற்றினால் கிடைப்பது குழம்பன்று, கறி குளித்த வெந்நீர்.

மூன்றாவது மரபொன்றும் உண்டு. இவர்கள் ஞாயிறன்றே மசாலா வதக்கி, கறியில் பிசிறி, தேதி எழுதிய பைகளில் உறையவைத்திருப்பவர்கள். இவர்கள் கறியை இறக்கி வைக்கவும் மறப்பதில்லை. ஆதலால் இவ்வாய்வில் இவர்களுக்கு இடமில்லை.

அதே பானையில் 'ஸ்லோ குக்' என்றொரு பொத்தான் இருக்கும். பனிக்கறியை வைத்து அதை அழுத்தவே கூடாது. மெதுவாகச் சூடேறும் கறி, மேலே சொன்ன கிருமி எல்லைக்குள் மணிக்கணக்கில் தங்கிவிடும். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை.

நேரக் கணக்கை முடித்துவிடுவோம். எலும்போடு கூடிய கறியைத் தட்டைப் பாளமாக வைத்தாலும், முளை எழும்ப இருபது நிமிடமேனும் ஆகலாம், அழுத்தத்தில் முப்பது, ஆவி தானாக அடங்கப் பதினைந்து. பிறகு வாணலியில் புரட்டும் நேரத்தையும் சேர்த்தால், பொத்தானை ஆறரைக்கு அழுத்தியவர் ஏழே முக்காலுக்கு முன் இலை போட இயலாது. ஆவியைச் சட்டென்று திறந்துவிட்டால் மிச்சமாகும் சில நிமிடங்களுக்கு, கறி விறைப்பதும் மேல் அலமாரிக் கதவு வேர்ப்பதும் விலை. அண்டை வீட்டு மோப்பக் கருவி எழுந்து கத்துவதும் உண்டு என்பர், யாம் கண்டதில்லை.

கடைசியாக, முழுக்கோழி. உறைந்த முழுக்கோழியை அப்படியே இப்பானையில் இறக்கலாமா என்று கேட்போர் மிகுதி. தடிமன் பற்றிய விதிப்படியே இது ஆகாது. கனடா சுகாதாரத் துறை முழுக்கோழியின் உட்சூடு 82 டிகிரி ஆக வேண்டும் என்கிறது. தொடைச்சந்தில் வெப்பமானி குத்தினால் அந்த எண் வருவதற்குள் மார்புச்சதை நார்நாராகிவிடும். அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. இந்நாட்டில் முழுக்கோழி பலவற்றின் வயிற்றுக்குள், கழுத்து, ஈரல், இதயம், இரைப்பை ஆகியவற்றைச் சிறு பையில் கட்டி வைத்தே விற்கிறார்கள். கோழி கல்லாயிருக்கும்போது அந்தப் பையை எடுக்க வழியில்லை. வெந்தபின், குழம்பைக் கரண்டியால் கிளறும்போது அது தானே வெளியே வரும், பெரும்பாலும் விருந்தாளியின் தட்டில்.