கேட்க வேண்டியவர்கள் வரவில்லை

திருநெல்வேலிச் சீமையில் ஒரு புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற விசாரத்துக்கே இடமில்லை. முதல் மணிக்குக் குளித்திருக்க வேண்டும். இரண்டாம் மணிக்குச் சலவைச் சட்டைக்குள் நுழைந்திருக்க வேண்டும். மூன்றாம் மணி ஓய்வதற்குள் பெஞ்சில் அமர்ந்து, தாமதமாக வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்கும் யோக்கியதையைச் சம்பாதித்திருக்க வேண்டும். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த ரேனியுஸ் ஐயர் 1826-இல் ஊசிக்கோபுரத்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளிலிருந்து, எங்கள் ஜில்லாவின் ஞாயிற்றுக்கிழமைகள் ஏறக்குறைய இவ்விதமாகவே நடந்து வந்திருக்கும் என்பது என் அனுமானம்.

வாராவாரம் தவறாமல் வருகிறவர்களில் முதலாவதாக வைத்து எண்ணத்தக்கவர்கள் ஸ்தானாதிபதிகள். பெஞ்சின் மீது பெயர் எழுதியிராது. ஆனால் மின்விசிறிக்கு நேர்கீழே, தூணுக்கு வலப்புறமாக உள்ள இடம் யாருடையது என்பது சபையார் அனைவருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து கலியாணத்துக்கு வந்த அப்பாவி ஒருவர் அதில் அமர்ந்துவிட்டால், உரியவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அருகில் வந்து நின்று, கண்களை மூடி, நெடுநேரம் ஜெபம் செய்வார். அந்த ஜெபத்தின் வல்லமையைத் தாங்கி அங்கேயே உட்கார்ந்திருந்த மனிதரை நான் இன்னும் பார்த்ததில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் தங்கள் பேதங்களை மறந்து தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுபட்டார்கள். பிஷப்புகளையே வேண்டாமென்றிருந்தவர்கள் பிஷப்புகளை ஏற்றுக்கொண்ட அந்த மகத்தான ஐக்கியம் கைகூடிவிட்டது; எங்கள் கோயிலில் அந்த ஒரு மின்விசிறியை முன்னிட்டுப் பிரிந்த இரண்டு குடும்பங்களின் ஐக்கியம் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நிலையைக்கூட எட்டவில்லை.

இவர்களுக்கு நேர்விரோதமானவர்கள் கடைசிப் பெஞ்சுக்காரர்கள். முன்னால் காலியிடம் இருக்கிறதே என்று உபதேசியார் அழைத்தால், ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான் என்று வேதத்திலிருந்து ஆதாரம் காட்டுவார்கள். ஆயக்காரன் ஆசீர்வாதத்துக்கு முன்பே நழுவிச் சைக்கிளை எடுத்தானா என்று உபதேசியார் கேட்பதில்லை. அவருடைய மைத்துனரும் அந்தப் பெஞ்சிலேதான் இருக்கிறார். காணிக்கைப் பை வரும்போதும் இவர்களிடம் வேத ஆதாரத்துக்குக் குறைவில்லை. ஏழை விதவை போட்ட இரண்டு காசு மெச்சப்படவில்லையா என்பார்கள். தாங்கள் ஏழைகளும் அல்ல, விதவைகளும் அல்ல என்பது அந்தச் சமயத்தில் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

பாட்டு விஷயமோ தனி. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு கல்வி பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார், எங்கள் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்தவர். ராகமும் தாளமும் வகுத்து அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றளவும் எங்கள் வாயில் வாழ்கின்றன. அவற்றில் ராகத்தை ஒருவாறு காப்பாற்றி, தாளத்தை மாத்திரம் பெண்கள் பக்கத்து மூத்த அத்தைமார்களின் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறோம். பாடகர் குழு சரணத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு மூச்சு வாங்கும் வேளையில், அத்தைமார் முந்திய அடியின் கடைசிச் சொல்லை அவசரமின்றி இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஆர்மோனியக்காரர் காத்திருப்பார். அத்தையை முந்திக்கொண்டு போய்விட்டு, பிறகு யார் வீட்டு விருந்துக்கு எந்த முகத்தோடு போவது?

பிரசங்கத்தில் உறங்குகிறவர்களைப் பற்றி நான் குறைவாகவே சொல்லுவேன். பவுல் அப்போஸ்தலரே பிரசங்கித்தபோது ஐத்திகு என்னும் வாலிபன் நித்திரை மயக்கத்தால் மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான் என்றால், எங்கள் ஐயரைப் போன்றவர்கள் வருந்துவதற்கு ஏதுமில்லை. எங்கள் முன்னோர்கள் தீர்க்கதரிசிகள். அதனால்தான் கோயிலில் எல்லாருக்கும் தரைமட்டத்திலேயே இடம் ஒதுக்கினார்கள்.

ஆனால், உறங்காமல் கேட்கிறவர்கள் கேட்கும் விதம் இருக்கிறதே, அதுவே என்னை வெகுகாலமாக ஆச்சரியத்தில் ஆழ்த்தி வருவது. அவர்களில் ஒருவரும் பிரசங்கத்தைத் தமக்காகக் கேட்பதில்லை. பிறர் பொருட்டே கேட்கிறார்கள். ஐயர் பெருமையைக் கண்டித்தால், அது தம் தமையனாருக்கு எவ்வளவு பொருத்தம் என்று தம்பி தலையசைப்பார். அதே வினாடியில், இரண்டு பெஞ்சு தள்ளித் தமையனாரும் தம்பியை எண்ணித் தலையசைப்பார். ஒரு முறை புறங்கூறுதலைப் பற்றி மிகக் காரமான பிரசங்கம் நிகழ்ந்தது. பெண்கள் பக்கத்தில் அனைவரும் மூன்றாம் வரிசையிலிருந்த ஓர் அத்தையைப் பார்த்தார்கள். அந்த அத்தையோ, இப்போதாவது இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வாய்த்தாரே என்ற நன்றிப் பெருக்கோடு நாலாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்தபின், அந்த அத்தை எவ்வளவு புறங்கூறுகிறவர் என்பதை விஸ்தாரமாகப் பேசிக்கொண்டே எல்லாரும் வீடு சேர்ந்தார்கள். நானும் இந்தப் பரோபகாரத்தில் பின்தங்கியவன் அல்லேன். கடன் வாங்கித் திருப்பிக் கொடாதவர்களைக் குறித்த பிரசங்கம் முழுவதையும் ஒரு சொல் சிந்தாமல் என் மனைவியின் சகோதரருக்கென்று சேமித்து வைத்திருக்கிறேன்.

கோயில் வாசலில் ஐயருக்குக் கைகொடுக்கும்போது பெரியவர் ஒருவர் வாராவாரம் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “இன்னைக்குப் பிரசங்கம் ரொம்பப் பிரயோஜனமா இருந்துது ஐயரே; கேக்க வேண்டிய ஆளுகதான் வரல.” ஐயர் புன்னகையோடு தலைசாய்ப்பார். சென்ற வாரம் வந்திராத ‘கேட்க வேண்டியவர்’ இந்த வாரம் வந்திருந்து, பெரியவருக்குப் பின்னால் வரிசையில் நின்று, அதே வாசகத்தைச் சொல்லக் காத்திருப்பதும் அவருக்குத் தெரியும்.

இதனால் பிரசங்கம் வீண்தானே என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் அவரை எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு அழைத்துப்போய்க் காணிக்கைப் பொருள்களின் ஏலத்தைக் காட்டினேன். ஒரு தேங்காயைக் கடையில் எவரும் கொடுத்திராத விலைக்கு ஒருவர் எடுத்தார்; எடுத்த கையோடு ஏலத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே செய்தார். அத்தனை பேர் விலைகொடுத்தும் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ள ஒருவரும் உடன்படவில்லை. ஆயினும், ஏலம் முடியும்போது அந்தத் தேங்காய் யாராவது ஒருவர் கையில் நின்றே தீரவேண்டும். அன்றிரவு அவர் வீட்டில் அதை உடைத்தே தீருவார்கள். பிரசங்கமும் அவ்விதமே பெஞ்சுக்குப் பெஞ்சு கைமாறிக்கொண்டு போகிறது. என்றைக்காவது ஒருநாள், தள்ளிவிடுவதற்குப் பக்கத்தில் ஆளில்லாத எவனாவது ஒருவன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகத்தான் செய்வான். அவன் என் மைத்துனனாக இருக்கவேண்டுமென்பது என் பிரார்த்தனை.