ஆகுர்டி லோக்கலில் 990 கிலோபிட்

புனே - லோணாவளா லோக்கலில் நெரிசல் நேரத்தில் ஏறி, ஒயர் இல்லாத இயர்பட்ஸில், அதுவும் உச்சத் தரத்தில்தான் பாட்டு கேட்பேன் என்று விரதம் பூண்டவர்களுக்கான கையேடு இது. பாட்டு கேட்டால் போதும் என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கடைக்காரரிடம், "காதை விட்டு விழாம நிக்குமா?" என்று கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். "எல்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். 2015இல் சோனி கொண்டுவந்த இந்தக் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். பாட்டு கேட்கும் புளூடூத் இயர்போன் எல்லாவற்றிலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி கோடெக், வழக்கமாக 328ஐத் தாண்டாது. எது பெரிய எண்ணோ அதுதான் நல்ல சங்கீதம். சிடிக்கே 1411 கிலோபிட் வேண்டும், ஆக 990ம் நறுக்கிக் கொடுத்ததுதான் என்ற கணக்கை மட்டும் கடையில் எடுக்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது ஐபோன் என்றால் அது பேசுவது ஏஏசியும் எஸ்பிசியும்தான். எல்டாக் அட்டைப்பெட்டியோடு நின்றுவிடும். பரவாயில்லை, வாங்குங்கள். பெட்டி நன்றாக இருக்கும்.

ஆண்ட்ராய்டுக்காரர்கள் செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டுங்கள். நீங்கள் இப்போது டெவலப்பர் என்று போனே அறிவிக்கும். ஹிஞ்சவடி ஐடி பார்க்கில் இன்டர்வியூ கொடுக்காமலே கிடைத்த பதவி. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ளே போய் எல்டாக்கை 990இல் பூட்டுங்கள். பல போன்களில் இயர்பட்ஸைக் கழற்றி மாட்டியதும் அது பழைய நிலைக்கே போய்விடும். தினமும் காலையில் பூட்டுங்கள், பல் தேய்த்த கையோடு.

இனி பாட்டு. பல செயலிகளில் வழக்கமாக வருவதே 320 கிலோபிட்டுக்குச் சுருக்கிய கோப்பு. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். ஆனால் நீங்கள் வாங்கியது பெரிய அகப்பை; அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஆகுர்டி பிளாட்பாரத்தில் நிற்கும்வரை எல்லாம் தேவகானம். போனை வலது பேன்ட் பாக்கெட்டில் ஆழமாகச் செருகிக்கொண்டு ஏறுங்கள். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அந்த அலையை அது நன்றாகவே உறிஞ்சும். பாக்கெட்டிலிருந்து இடது காதுக்குப் போக வேண்டிய அலை உங்கள் தொப்பையையும் பக்கத்து ஆளின் பையையும் தாண்டியாக வேண்டும். ரயில் பெட்டியில் இருக்கும் மற்ற இயர்பட்ஸ் எல்லாம் அதே 79 சேனல்களுக்குள்தான் வினாடிக்கு 1600 முறை வரை தாவிக்கொண்டிருக்கின்றன. சின்ச்வட்டில் கூட்டம் ஏறும்போது வயலின் விக்கும். பிம்ப்ரியில் இடது காது போகும். அந்த மௌனத்தில் பின்னாலிருந்து "புடே சலா!" (முன்னே போங்க!) என்று மராத்தியில் ஒரு குரல் வரும் பாருங்கள், அத்தனை துல்லியம் 990இலும் கிடையாது.

கோடெக்கைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் நிலையில் விட்டால், நெரிசலில் 660க்கோ 330க்கோ இறங்கி, பாட்டு அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும். ஏஏசிக்கு மாற்றினாலும் அநேகமாக அப்படித்தான். ரயில் போடும் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவருக்கு சீட் கொடுக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் பாட்டு கேட்பவர்கள் செய்கிற வேலை. நமக்கு எதற்கு?

காசர்வாடி தாண்டினதும் ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவார். மைக் திறந்த நொடியில் எல்டாக் ஒதுங்கி, அழைப்புக்கென்று இருக்கும் ஒற்றைச் சேனல் கோடெக் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஏன்டா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு?" என்பார் அம்மா. பதில் சொல்லப் போகாதீர்கள். அழைப்பைப் போனுக்கு மாற்றி, அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பக்கத்து இயர்பட்டை மட்டும் கழற்றினால் போதும். மற்றது காதிலேயே இருக்கட்டும், எதிர் சீட்டுக்காரருக்கு அது என்ன மாடல் என்று தெரிய வேண்டாமா?