வெளிய போன தொரைக்கு

வாரும்வே தொரை, இப்படித் திண்ணையில உக்காரும். மொகம் ஏன் சுண்டிப்போய்க் கெடக்கு? ஐரோப்பிய யூனியன் வேண்டாம்னு 2016 ஜூன் 23-ல ஓட்டுப் போட்டீரு. 2020 ஜனவரி 31 ராத்திரி 11 மணிக்கு வெளிய வந்தீரு. நெனச்சது நடந்தவன் சந்தோசமா இருக்கணும்லா? ஒம்ம பிரிட்டன்ல என்னடான்னா, போகணும்னவனும் புலம்புதான், போகவேண்டாம்னவனும் புலம்புதான்.

ஆமா, அதென்னவே கணக்கு 11 மணி? 12 அடிச்சாத்தானே மறுநாள் பொறக்கும்னு பேரன்கிட்டக் கேட்டேன். "யூனியன் தலைமையகம் இருக்க பிரசெல்ஸ்ல அப்பத்தான் தாத்தா 12 ஆகுது"ன்னான். அடேங்கப்பா! விடுதலை வாங்குற நேரத்தையே அவன் வீட்டுக் கடியாரத்தைப் பாத்துக் குறிச்சிருக்கீரு. 1947-ல நாங்க எங்க கடியாரம் 12 அடிக்கட்டும்னுதான் முழிச்சுக்கிட்டு இருந்தோம்.

பேரன் லண்டன்ல வேல பாக்கான். இந்தியப் பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டே அந்த ஓட்டை அவனும் போட்டான். காமன்வெல்த்காரனுக்கு உரிமை உண்டாம். பல வருசமா அங்கயே குடியிருக்க பிரெஞ்சுக்காரனுக்குக் கெடையாது. ஐரோப்பாவோட இருக்கணுமா வேண்டாமான்னு சொல்ல ஐரோப்பாக்காரனுக்கு வாய் இல்ல, தாமிரவருணிக் கரையில கபடி ஆடுன பய சொல்லுதான். எங்களை ஆண்டதுக்கு வட்டி கட்டுதீரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். அவன் எந்தக் கட்டத்துல கோடு போட்டான்னு மட்டும் கேக்காதேயும், எங்கிட்டயே சொல்லல.

சீட்டுல ரெண்டே கட்டம். இருக்கணும், வெளியேறணும். வெளியேறணும்னு 1 கோடியே 74 லட்சம் பேர், இருக்கணும்னு 1 கோடியே 61 லட்சம் பேர். எல்லாஞ் சரி. வெளியேறி எங்க போறது? அதுக்குக் கட்டமே இல்ல. ஓட்டு வச்ச பிரதமர் கேமரூன் மறுநாள் காலையிலயே ராஜினாமான்னுட்டாரு. கல்யாணத்துக்குச் சொல்லிவிட்ட ஆள் பந்திக்கு முன்னாடியே செருப்ப மாட்டினா எங்க ஊர்ல சும்மா விடமாட்டாவ. நீங்க பண்புள்ளவங்க, விட்டுட்டீங்க.

எங்க பக்கம் கூட்டுக் கிணறு உண்டு. இன்னாருக்கு இன்ன கெழமை தண்ணின்னு பங்காளிக எல்லாரும் உக்காந்து முறை வச்சுக்கிடுவாவ. 'எனக்கு எவன்டா முறை சொல்றது'ன்னு ஒருத்தன் பங்கை எழுதிக் குடுத்துட்டான்னு வையும். அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து அவனுக்கு முறை சொல்ல ஆள் கெடையாது, வாஸ்தவம். தண்ணியும் கெடையாது. நாளைக்கு வாழை வாடுச்சுன்னா அவங்க சொல்ற வெலை, அவங்க சொல்ற நேரம். ஒம்ம கதையும் அதான். ஐரோப்பாவுல சரக்கு விக்கணும்னா இன்னிக்கும் அவன் சட்டப்படிதான் செய்யணும். முன்ன அந்தச் சட்டம் போடுற எடத்துல ஒமக்கு ஒரு நாற்காலி இருந்துச்சு.

சவத்த விடும், இறையாண்மைக்கு வருவோம். அதுக்காகத்தானே இம்புட்டும்? நம்ம சட்டம், நம்ம பாராளுமன்றம், நம்ம நீதிபதின்னீரு. நல்ல ஆசை. ஆனா வெளியேற முகூர்த்தம் குறிச்ச ஒம்ம சர்க்காரே 2017 பிப்ரவரியில ஒரு வெள்ளை அறிக்கை போட்டுச்சு. யூனியன்ல இருந்த காலம் பூரா பாராளுமன்றத்துக்கு இறையாண்மை இருந்துச்சு, என்ன, அப்படித் தோணத்தான் இல்லன்னு அதுலயே எழுதி வச்சிருக்காவ. மடியில இருக்க சாவியத் தேட நீரு வீட்டையே பேத்துட்டீரேவே!

சரி, கேட்டதாவது பிடிச்சுதா? வெளியேறுற நோட்டீசுக்கு முன்ன பாராளுமன்றத்துக்கிட்ட அனுமதி வாங்குன்னு 2016-ல லண்டன் ஐகோர்ட் சொல்லுச்சு. ஒம்ம பத்திரிகை ஒண்ணு அந்த மூணு நீதிபதிக படத்தையும் போட்டு மக்கள் விரோதின்னு கொட்ட எழுத்துல அடிச்சுது. 2019-ல பிரதமர் ஜான்சன் பாராளுமன்றத்துக்குப் பூட்டுப் போட்டாரு. அது செல்லாதுன்னு செப்டம்பர் 24-ல உச்ச நீதிமன்றத்துல 11 நீதிபதிகளும் ஒரே வாயாச் சொல்லிட்டாவ. அதுக்கும் ஒம்ம ஆளுக குதிச்சாவ. நீதிபதி ஒம்ம ஊர்க்காரரு, சட்டம் ஒம்ம சட்டம், கோர்ட்டும் ஒம்மது. பிறகு என்னவே கோவம்? பிரசெல்ஸ்காரன் பூட்டியிருந்தா விட்டிருப்பீரா?

அந்தப் பாராளுமன்றம் செஞ்ச கூத்தும் லேசுப்பட்டதில்ல. ஜான்சனுக்கு முன்ன பிரதமரா இருந்த தெரேசா மே அம்மா ஒண்ணரை வருசமா பேசிக் கொண்டாந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில 432-க்கு 202-ன்னு தூக்கி எறிஞ்சாவ. அப்ப வேற என்னதான் வேணும்னு மார்ச் 27-ல எட்டு வழியை முன்னால வச்சாவ. எட்டும் வேண்டாம். ஏப்ரல் 1-ஆம் தேதி நாலு. நாலும் வேண்டாம். தேதியப் பாத்தீரா? ஏப்ரல் 4-ல கூரைக்கே பொறுக்கல, சபைக்குள்ள தண்ணி ஒழுக ஆரம்பிச்சு கூட்டத்தை நிறுத்திட்டு எழுந்து போனாவ.

எனக்குப் பிடிச்சது கப்பல் கதைதான். ஒப்பந்தம் இல்லாம வெளியேறிட்டா சாமான் கொண்டாரணுமேன்னு ஒரு கம்பெனிக்கு 1 கோடியே 38 லட்சம் பவுன்டுக்குக் கப்பல் விடச் சொல்லி காண்ட்ராக்ட் குடுத்தீரு. அந்தக் கம்பெனிக்கிட்டக் கப்பலே இல்ல. அதோட நிபந்தனைத் தாள் சாப்பாட்டுக் கடை டெலிவரிக்கு எழுதினது மாதிரி இருந்துச்சாம். உலகம் பூராக் கப்பல் விட்டு ஆண்ட ஆள்வே நீரு! அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வெளியேறுற இலாகா மந்திரி ராப், டோவர்-கலே கடல்வழியை நம்பி நம்ம வியாபாரம் இம்புட்டு இருக்கும்னு முழுசாத் தெரியாமப் போச்சுன்னாரு. அது தெரிய மந்திரியா ஆகணுமா? வரைபடத்தைப் பாத்தாப் போதாதா? அக்டோபர் 31-ன்னு தேதி போட்டு 50 பென்ஸ் காசு அடிச்சு, தேதி தள்ளிப் போனதும் உருக்கினீரு. அந்தச் செலவையும் சேத்து எழுதிக்கிடும்.

பாஸ்போர்ட்டு நீலமாயிட்டுதுன்னு பூரிச்சுப் போனாங்கல்லா? காண்ட்ராக்ட் எடுத்தவன் பிரெஞ்சு-டச்சுக் கம்பெனி, தயாரிச்சது போலந்துல. யூனியனுக்குள்ள இருக்க குரோசியாக்காரன் நீலப் பாஸ்போர்ட்டுதான் வச்சிருக்கான், கலருக்காக அவன் யார்கிட்டயும் மல்லுக்கு நிக்கல. கலரை விடும், வெளிநாட்டுக்காரன் வரத்து கொறையணும்னுதானே நீரு முக்கியமா குத்துனீரு? 2023 ஜூனோட முடிஞ்ச ஒரு வருசத்துல, வந்தவன்ல போனவனைக் கழிச்சாலும் மிச்சம் 9 லட்சத்தைத் தொட்டுச்சு. அதுல முன்வரிசை எங்க ஆளுகதான். போலந்துக்காரன் போயிட்டான்வே, நாங்க வந்துட்டோம். நல்லா நடத்தும்.

இப்ப யோசனை கேக்கீரு. எங்க அனுபவத்தைச் சொல்லுதேன். வெள்ளைக்காரன் போன பிறகும் நாப்பது அம்பது வருசம் ரோடு குழியானாலும், கொழா வறண்டாலும், எங்க தலைவர்க வெள்ளைக்காரனைத்தான் வஞ்சாவ. ஒம்ம தலைவர்களும் பிரசெல்ஸ்காரனை இன்னும் கொஞ்ச நாள் வையட்டும், அவன் ஒண்ணும் கோச்சுக்கிட மாட்டான். ஆனா லண்டன்லயே அந்த வசவு கசந்துட்டுது, இல்லையா? ஆஸ்பத்திரியில காத்துக்கெடந்தா இப்ப சொந்த மந்திரியத்தான் வையணும். அதுதான்வே நீரு கேட்டு வாங்கினது. ஒமக்கு அது சந்தோசமா வரல, எரிச்சலா வருது. எரிச்சலுக்கு நாங்க மருந்து வச்சிருக்கோம். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆட்சிய மாத்திட்டு, அடுத்த வருசமே அதையும் வைவோம்.

திரும்ப உள்ள போயிறலாமான்னு ஒம்ம ஊர்ல பேச்சு கௌம்பியிருக்காம்லா? போங்க, எனக்கென்ன. 1984-ல பிரதமர் தாட்சர் அம்மா சண்டை போட்டு ஒங்க சந்தாவுல தள்ளுபடி வாங்கி வச்சிருந்தாவ. வேற யாருக்கும் அம்புட்டு கெடைக்கல. வாரம் 35 கோடி பவுன்டு பிரசெல்ஸுக்குப் போகுதுன்னு சிவப்பு பஸ்ஸுல எழுதி ஊர் ஊரா ஓட்டினீரே, அதுல இந்தத் தள்ளுபடியைக் கழிக்கவே இல்ல. இனிமே போய்க் கேட்டா அந்தத் தள்ளுபடி வருமாங்கீரா? போற எடத்துல நல்லபடியாக் கேளும், கையக் கட்டிக்கிட்டே கேளும். அந்த பஸ்ஸுல மட்டும் ஏறிப் போயிராதேயும்.