ஏரித்திணை: விடுபட்டுப்போன ஓர் இலக்கணம்

தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்த காலத்தில் கான்ஃபரன்ஸ் ஹால் கிடையாது. அதனால் ஏரிக்கரையில் நிற்கும் வயதான விடுதி எந்தத் திணையில் சேரும் என்ற கேள்வி இன்றுவரை தீராமல் கிடக்கிறது. மலைமேல் இருப்பதால் குறிஞ்சி என்பார் ஒரு சாரார். நீர்நிலையைச் சார்ந்திருப்பதால் மருதம் என்பார் வேறொரு சாரார். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளிலிருந்து கம்பெனிச் செலவில் அங்கே பயிற்சிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு பாடம் கிடைக்கிறது: “பாலை சார் அது. நைட்டு பத்து மணிக்கு மேல பைப்புல ஒரு சொட்டு வரல.” மூன்று கூற்றையும் மறுத்து, ஏரித்திணை என்று அதைத் தனித்திணையாக நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த விடுதி என்று கேட்கக் கூடாது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டுவது விதிக்குப் புறம்பு. ஊரெல்லாம் பேசினாலும் புலவர் வாய் திறக்கமாட்டார். அதே நாகரிகம் இங்கும் பின்பற்றப்படுகிறது. ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் உதகையிலும் இந்த இனம் வாழ்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம். பார்த்த உடனே அடையாளம் தெரியும். சாவியோடு பிணைத்த மரக்கட்டை எந்தப் பாக்கெட்டிலும் நுழையாது. வரவேற்பறைச் சுவரில் என்றோ வந்து தேநீர் அருந்திய ஓர் அமைச்சர் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். இன்டர்காமில் ஒன்பதை அழுத்தினால் மணி அடிக்கும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. வாசலில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு பலகை இருக்கும். அந்தப் பலகையைத்தான் முதலில் புதுப்பிக்க வேண்டும்.

இனி முதற்பொருள். அதாவது நிலமும் பொழுதும்.

நிலத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தி முக்கியமானது. இந்த ஏரிகளில் புகழ்பெற்றவை இயற்கை கொடுத்தவை அல்ல, கலெக்டர்கள் கொடுத்தவை. உதகை ஏரியை 1820களில் உருவாக்கியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கியவர் மதுரையில் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச். மலையேறிய அதிகாரிக்கு முதலில் தோன்றியது, சுற்றி நடக்க ஒரு தண்ணீர் வேண்டும் என்பதே. அலுவலகத்தை விட்டு விலகிப்போய் அலுவலகத்தைப் பற்றியே பேசும் வழக்கத்துக்கும் அந்த இருவரையே மூலவர்களாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு.

பொழுது இன்னும் சுவாரசியமானது. குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்திருக்கிறது தொல்காப்பியம். ஐப்பசியிலிருந்து தை வரை. கம்பெனிகளின் கணக்குப் பிரிவும் பயிற்சி முகாமுக்குச் சரியாக இதே மாதங்களைத்தான் தேர்ந்தெடுக்கிறது. மேயில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது வாடகை உச்சியில் இருக்கும். ஐப்பசி மழையில் பாதியாகும். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தொல்காப்பியம் படித்தவர் என்பதற்குச் சான்றில்லை. ஆனாலும் மரபு தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

குறிஞ்சியின் சிறுபொழுது யாமம். இதிலும் பிழையில்லை. வடசென்னைக்காரர் ஏற்காட்டுக்குப் போகும் வழி நள்ளிரவை ஒட்டியே தொடங்குகிறது. சென்ட்ரலுக்கு வந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். (ராயபுரத்துக்காரர்களுக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். “மொத ரயிலே எங்க ஊர்லருந்து வுட்டாங்க, இப்போ நாங்க ஆட்டோ புடிச்சி சென்ட்ரலுக்கு ஓடணும்” என்பார்கள். நியாயமான வழக்கு.) சேலத்தில் இறங்கும்போது பொழுது விடிந்திருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் சில, முந்தைய இரவு சாப்பிட்ட பரோட்டாவை மறுபரிசீலனைக்கு அழைக்கும். காலைப் பனியில் விடுதி வாசலில் நின்றால், வரவேற்பாளர் சால்வைக்குள்ளிருந்து சொல்வார்: “செக்-இன் பன்னெண்டு மணிக்கு சார்.”

இந்தத் திணையின் உயிர்நாடி இந்த இடைவெளிதான். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல் என்று உரிப்பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. ஏரித்திணைக்கு உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். அறைக்குக் காத்திருக்கலாம், வெந்நீருக்குக் காத்திருக்கலாம், ஜிஎம் கீழே இறங்கி வருவதற்குக் காத்திருக்கலாம். துறைகள் பல, உரிப்பொருள் ஒன்றே. வரவேற்பறை சோபாவில் காலணியோடு மடங்கிக் கிடக்கும் சூப்பர்வைசர்களின் நிலையை எந்தப் புலவரும் பாடாதது மொழிக்கு நேர்ந்த நட்டம்.

வெந்நீர் பற்றி இரு மரபுகள் உள்ளன. குழாயைத் திறந்துவிட்டுப் பொறுமையாக நில், சூடு தானாக வரும் என்பது திருவொற்றியூர் மரபு. மூடிவிட்டு ரூம் பாயைக் கூப்பிடு என்பது ராயபுரம் மரபு. இயற்பியல் திருவொற்றியூர் பக்கம் நிற்கிறது. பழைய விடுதிகளில் பாய்லர் ஒரு மூலையில் இருக்கும். அங்கிருந்து கடைக்கோடி அறை வரைக்கும் போகிற குழாயில் இரவெல்லாம் குளிர்ந்துபோன தண்ணீர் நிற்கும். அது முழுவதும் வெளியேறினால்தான் பின்னால் வரும் சூடு கைக்கு எட்டும். ஆனால் அதே குழாயில் முன் அறைக்காரர்கள் அத்தனை பேரும் அதே பொறுமையோடு நிற்பதால், சூடு கடைசி அறையை நெருங்கும்போது ஒன்பது மணி ஆகியிருக்கும். பாய்லரை அணைக்கும் நேரம் அது. உரையாசிரியர் முடிவு: கொள்கையில் திருவொற்றியூர் சரி, குளித்தவர்கள் ராயபுரத்தார். ரூம் பாய் வாளியில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

தேநீருக்கும் ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டும். 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தேயிலை முழுதாக இறங்க அந்தச் சூடு சற்றுக் குறைவு. ஆகவே அங்கே கிடைக்கும் டீயின் குற்றத்தில் ஒரு பங்கை வளிமண்டலம் ஏற்கிறது. மீதிப் பங்குக்கு ஆய்வு தொடர்கிறது.

கருப்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெய்வம்: ஜெனரல் மேனேஜர். உணா: கார்ன்ஃப்ளவர் கரைத்த சூப்பும் கோபி மஞ்சூரியனும். விலங்கு: குரங்கு. பறை: “ஹலோ, செக், செக், பின்னாடி கேக்குதா?” யாழ்: கடைசி இரவின் கரோக்கி; அதில் ஸ்டோர்ஸ் பிரிவு ஆள் ஒருவர் யாரும் கேட்காமலே மூன்று இளையராஜா பாட்டுப் பாடுவார். தொழில்: கைதட்டல், குரூப் போட்டோ. இதில் காசிமேட்டிலிருந்து யாரோ செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோகும் நெத்திலிக் கருவாட்டை எங்கே வைப்பது என்று சிலர் குழம்புவதுண்டு. குழம்ப வேண்டியதில்லை. உரிப்பொருள் தவிர்த்த மற்றவை ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றில் மயங்கலாம் என்று இலக்கணம் இடம் தருகிறது. நெய்தலின் உணவு மலைமேல் போவது திணைமயக்கம், குற்றமன்று. மாடியில் வாசனை பரவி விடுதிக்காரர் கதவைத் தட்டினால், இதை எடுத்துக்காட்டலாம்.

விளையாட்டுகளுக்கு வருவோம். டீம் பில்டிங் என்ற பெயரில், ஈரப் புல்வெளியில் ஓட்டை மக்கில் தண்ணீர் கொண்டுபோய் வாளியை நிரப்பச் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர், தலைமைப் பண்பு எப்படி வெளிப்படுகிறது பாருங்கள் என்பார். எங்கள் பக்கத்து அணி இதில் எப்போதும் முதலில் வந்துவிடுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரைக்கு வந்த எண்ணெயை வாளிவாளியாகக் கையால் அள்ளிய ஊர் இது. தண்ணீர் லேசு.

இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு இனிமேல்தான் வருகிறது. அதைத் திரைச்சீலை விதி எனலாம்.

ஏரிக்கரை விடுதியைக் கட்டியவர்கள் ஏரியைப் பார்த்த நல்ல பக்கத்தில்தான் ஹாலை வைத்திருப்பார்கள். சுவர் நீளத்துக்கு ஜன்னல். ஆனால் புரொஜெக்டர் வேலை செய்ய இருட்டு வேண்டும். ஆகவே ஒன்பதரைக்கு முதல் ஸ்லைடு வரும்போது கனத்த மெரூன் திரைகள் மூடப்படும். அவற்றில் பல மழைக்காலங்களின் வாசம் தங்கியிருக்கும். பிறகு உணவு இடைவேளை வரை யாரும் ஏரியைப் பார்ப்பதில்லை. திரையில் ஒளிரும் முதல் ஸ்லைடின் பின்னணியில் ஓர் ஏரி இருக்கும். பனிமலை சூழ்ந்த ஏதோ வெளிநாட்டு ஏரி. பத்தடி தூரத்தில் நிஜ ஏரி, நடுவில் ஒரு துணி, இந்தப் பக்கம் ஏரியின் படம். ‘லேக் வியூ’ அறைக்குக் கூடுதல் வாடகை உண்டு. அது பதவியில் மூத்தவருக்கே ஒதுக்கப்படும். அவரோ குளிருக்கும் குரங்குக்கும் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. ‘ரோடு வியூ’ அறைக்காரர்கள் பார்ப்பது, வந்த பஸ்ஸை. ஆகப் பதவி உயர உயர ஏரிப் பார்வை குறைந்துகொண்டே போய் உச்சியில் சுழியமாகிறது. கருத்தரங்கு நாள் முழுவதும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் வேன் டிரைவர். கரையோரம் அவித்த மக்காச்சோளம் சாப்பிட்டுக்கொண்டு, மிதிபடகுகள் ஒன்றையொன்று முட்டுவதை ரசித்தபடி இருந்தவர் அவர். அவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் தருவதில்லை.

அவரே ஒருமுறை கேட்ட கேள்விதான் இந்த ஆய்வுக்கு வித்து. “இன்னா சார், தண்ணிய பாக்கவா ராத்திரி பூரா வண்டி கட்டினு வரீங்க? நம்மளாண்ட இல்லாத தண்ணியா?”

அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கம்பெனிக் காலத்து மதராஸில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் படகு விடவும் பங்களா கட்டி ஒதுங்கிய இடங்களில் ஒன்று, வேறெதுவுமில்லை, எண்ணூர். 1806இல் பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் நகரத்தை எண்ணூரோடு இணைத்தது. அதே கால்வாய்தான் தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக நகருக்குள் நீட்டப்பட்டு, கவர்னர் பக்கிங்ஹாம் பேரில் வழங்குகிறது. கொசஸ்தலையாறு கடலைத் தொடும் கழிமுகம், இறால், அலையாத்தி, மாலைக் காற்று எல்லாம் இருந்த உல்லாசத்தலம். அதற்கு வடக்கே பழவேற்காடு: சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, டச்சுக் கல்லறை, பருவத்துக்கு வரும் பூநாரை. ஏரித்திணையின் ஆதிநிலம் எங்கள் வாசலிலேயே கிடந்திருக்கிறது. பிறகு அனல்மின் நிலையங்கள் வந்தன, துறைமுகம் வந்தது. சாம்பல் கழிமுகத்தில் படிந்து மேடாகி, படகு போன இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து மீன் தடவுகிறார்கள். அந்தக் கரையில் வேலை செய்து வந்த லாபத்தில்தான் எங்களை வேறொரு கரைக்கு அனுப்பிப் புத்துணர்ச்சி ஊட்டுகிறார்கள். முறைப்படி இதுவும் திணைமயக்கமே.

இறுதியாக ஒரு தரவு. முகாமின் கடைசி நாள் அரை மணி நேரம் மிதிபடகில் போனவர்கள் அதன் ரசீதைச் செலவுப் படிவத்தோடு இணைத்திருந்தார்கள். கணக்குப் பிரிவில் அதற்கென்று தலைப்பு கிடையாது. ‘உணவு’ அல்ல, ‘தங்கல்’ அல்ல. நீண்ட விவாதத்துக்குப் பிறகு ‘உள்ளூர்ப் போக்குவரத்து’ என்று ஏற்றார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் எழுத வேண்டும். இரண்டிலும் ‘படகுத்துறை’ என்றிருந்ததால், பயணமே நடக்கவில்லை என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பியிருக்கிறார்கள். மேல்முறையீடு ஜிஎம் மேசையில் இருக்கிறது. காத்திருக்கிறோம்.